சுவருக்கும் ஏணிக்கும் நாலு விரல்

என் அத்தை கையால் தொட்டுப் பார்க்காத எதையும் நம்ப மாட்டாள். காலையில் குளத்தின் கேட்டைத் திறந்ததும் ஓரத்தில் மண்டியிட்டு முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விடுவாள். தெர்மாமீட்டரை அதற்குப் பிறகுதான் பார்ப்பாள். மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் அந்த நீச்சல் குளத்தில் பதினெட்டு வருடமாக அவள்தான் எல்லாம். வலை போட்டு இலை அள்ளுவாள், குளோரின் கலப்பாள், மோட்டாரைத் திட்டுவாள், தண்ணீரில் துப்புகிறவர்களைக் கண்ணாலேயே கரையேற்றுவாள். ஆறு மாதம் டிக்கெட் கிழிக்க என்று வந்தவள். அவள் உட்கார்ந்து எழுந்த சோபாவிலும் குளோரின் வாசம் இருக்கும். "இவ குளத்துக்கு வாக்கப்பட்டவ," என்பார் அப்பா. "மாமியார் இல்லாத இடம் அண்ணே, விடுவேனா?" என்பாள் அத்தை.

ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து, அவள் வீட்டு முன்னறையில் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கிடந்தேன். எங்கே என்ன பார்த்தேன் என்று அவள் கேட்கவில்லை. "நீந்தத் தெரியும்ல? வந்து டேப்பைப் பிடி," என்றாள்.

அளவெடுக்கும் அந்த டேப் ஒரு தபால்காரருக்காக. ஓய்வுபெற்றவர், வயது எழுபத்தொன்று, தினமும் ஏழு மணிக்கு வருவார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. தரையில் பத்தடி நடந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மார்பளவுத் தண்ணீரில் மட்டும் வலி இல்லாமல் நடப்பார். சும்மா நடக்க மாட்டார். முப்பத்தைந்து வருடம் கடிதம் கொடுத்த தெருக்களை வரிசை மாறாமல் தண்ணீருக்குள் நடந்து முடிப்பார். போகும்போது ஒற்றைப்படை வீடுகள், திரும்பும்போது இரட்டைப்படை. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "பதினேழு தாண்டட்டும்," என்பார். பதினேழாம் எண் வீட்டில் அந்தக் காலத்தில் ஒரு நாய் இருந்ததாம். அந்த இடம் வந்தால் இப்போதும் கொஞ்சம் வேகமாக நடப்பார்.

அவருக்கு இறங்குவது சுலபம். கைப்பிடியைப் பிடித்தபடி தண்ணீருக்குள் சரிந்துவிடுவார். ஏறுவதுதான் பாடு. குளத்துச் சுவரோடு பொருத்தியிருந்த ஏணிக்கு மூன்றே படி. கடைசிப் படி குளத்தின் தரைக்கு இரண்டடி மேலேயே நின்றுவிட்டது. அவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்க முடியாமல் வெறும் கைபலத்தில் தொங்கி ஏறிக்கொண்டிருந்தார். அது யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கைகளும் ஒத்துழைக்கவில்லை.

அன்றைக்குத் தெருக்கள் எல்லாம் முடிந்த பிறகும் அவர் நடந்துகொண்டே இருந்தார். எட்டரைக்கு அத்தை விசாரித்தாள். "இன்னைக்கு ரெண்டாவது டெலிவரி இருக்கும்மா," என்று சிரித்தார். ஒன்பதேகாலுக்கு, மற்றவர்கள் எல்லாரும் போன பிறகு, கைப்பிடியில் இருந்த அவருடைய விரல்கள் வெளுத்துச் சுருங்கி நடுங்குவதை அவள் கவனித்தாள். உடுத்திய துணியோடு இறங்கி, முழங்காலை மடக்கி, அதையே அவருக்குப் படியாகக் கொடுத்தாள். மேலே வந்து துண்டைப் போர்த்திக்கொண்டவர் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சொன்னார்: "உன் கால மிதிச்சு ஏறி வந்து நடக்கணுமா நான்? நாளையிலேர்ந்து வரலம்மா."

சொன்னபடியே வரவில்லை. மூன்றாம் நாள் அத்தையின் சாப்பாட்டுத் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஒரு வழி சொன்னார்: அறுபத்தைந்து வயதுக்கு மேல் துணையோடுதான் வரவேண்டும் என்று ஒரு போர்டு. துணைக்கு வர ஆள் இல்லாத மனுஷன் அவர் என்றும், ஏணியைக் கீழே நீட்டிவிட்டால் போதும் என்றும் அத்தை வாதாடினாள். பாதுகாப்பாக இருந்தால் ஏணி, இல்லாவிட்டால் போர்டு என்று செயலாளர் முடித்துக்கொண்டார்.

எத்தனை அடி நீட்டுவது என்பது தெரியும்: இரண்டு. எத்தனை படி வைப்பது என்பதுதான் கேள்வி. உங்களால் காலை எவ்வளவு தூக்க முடியும் என்று அந்த மனுஷனிடம் கேட்டால் ரோஷப்படுவார். அதனால் அத்தை ஒரு பை ஆரஞ்சோடு நலம் விசாரிக்கப் போனாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தபடி அவர் வீட்டு வாசலை நோட்டம் விட்டாள். வாசற்படி ஓரடி உயரம். அதன் பக்கத்தில் ஒரு செங்கல், நாலு அங்குலம். ஆக, முதலில் செங்கல், பிறகு வாசற்படி. அப்படியென்றால் அவர் கால் எட்டு அங்குலம் தூக்கும். "கேக்காமலே அளந்துட்டேன் பாத்தியா," என்று வழியெல்லாம் பெருமை வேறு.

வெல்டரை எல்லாரும் பொறி என்று கூப்பிடுவார்கள். பாதி தொழிலால், பாதி கோபத்தால். அதே பருமனில் எவர்சில்வர் குழாய் எடுத்து, இணைப்புக்கு உள்ளே இன்னொரு குழாயைச் செருகி, போல்ட் போட்டு இறுக்கி, எட்டு அங்குல இடைவெளியில் இரண்டு படி சேர்த்தார். சரிவாக இருந்தால் ஏறுவதற்கு லேசாக இருக்கும் என்று அவராகவே அடிப்பக்கத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் தள்ளி வளைத்துவிட்டார். சனிக்கிழமை மாட்டினோம். அத்தை தொங்கிப் பார்த்தாள், நான் தொங்கிப் பார்த்தேன், இருவரும் சேர்ந்து தொங்கினோம். அசையவில்லை. "மூணாவதா என்னையும் ஏறச் சொல்லாதீங்கக்கா. ஏணி தாங்கும், குளம் வழிஞ்சிடும்," என்று பொறி தன் தொப்பையைத் தட்டிக்கொண்டார். திங்கள்கிழமை வாருங்கள் என்று அத்தை தபால்காரருக்குப் போன் செய்தாள்.

ஞாயிறு மதியம் குளம் முழுக்கக் குழந்தைகள். இரண்டாவது கட்டடத்துச் சிறுமி ஒருத்தி, ஆறு வயது இருக்கும், தண்ணீருக்குள் மூழ்கி ஏணிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து மறுபக்கம் வந்தாள். சுரங்கம் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தாள். உடனே ஒரு வரிசை நின்றது. இரண்டாம் தடவை அவள் புகுந்தபோது வெளியே வரக் கொஞ்சம் தாமதமானது. இரண்டு நொடிதான். நீந்தும் கண்ணாடியின் பட்டை போல்ட் முனையில் மாட்டிக்கொண்டிருந்தது. தலையை உதறி, கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே மேலே வந்தாள்.

அத்தை விசில் ஊதினாள். எல்லாரையும் கரையேற்றிவிட்டு, யாரோ விட்டுப்போன பந்து ஒன்றை எடுத்துவந்தாள், ஒரு குழந்தையின் தலையளவு இருக்கும். தண்ணீருக்குள் இறங்கி, ஏணியின் அடியில் அதை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்தாள். எங்கேயும் உரசாமல் வந்தது. இன்னொரு தடவை விட்டு எடுத்தாள். நாளைக்கு அவர் வருகிறாரே என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

"தெரியும். கழட்டு," என்றாள்.

திங்கள் ஏழு மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், ஏணி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார். செயலாளரின் போர்டு எழுதி முடிந்து சுவரில் சாய்ந்திருந்தது. நல்லவேளை, எழுத்து உள்பக்கம் பார்த்திருந்தது. சிறுமி புகுந்ததையும் கண்ணாடி மாட்டியதையும் அத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தலையாட்டினார், போகத் திரும்பினார்.

"ஐயா, தப்பு என்னோடது. உங்களக் கேக்காம உங்க வீட்டுச் செங்கல்லக் கேட்டேன்."

"எந்தச் செங்கல்?"

"வாசல்ல இருக்கே. அதுல கால் வச்சுத்தானே நீங்க..."

"அது கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக் குடுக்கறதும்மா." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த வாசல்ல நான் ஏறி ரெண்டு வருஷம் ஆச்சு. பின்பக்கம் சரிவு இருக்கு, அது வழியாத்தான் போக்குவரத்து."

அத்தையும் சிரித்தாள். ஆனால் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து டேப்பை இழுத்து நிறுத்தினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மோட்டார் அறைக்குள் போய்விட்டேன். அங்கிருந்தும் குரல் கேட்டது.

"இவ்வளவுதான்மா. ஆறு. இடது கால்னா அஞ்சுதான், அதையும் எழுதிக்கோ." டேப் சுருண்டு உள்ளே போகும் சத்தம். "இன்னொண்ணு. அடியில தண்ணியே தூக்கி விட்டுடும். மேல வர வரத்தான் என் உடம்பு கனம் என் கைக்குத் திரும்பி வருது. கஷ்டம் அங்க."

அதுவரை கீழே நீட்டுவதைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தோம்.

பொறி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி செய்தார். இந்தத் தடவை சரிவு கிடையாது. ஏணி நேராக இறங்கி, அடியில் ரப்பர் கட்டைகள் சுவரை அழுத்தி நின்றன. தபால்காரரிடம் பாதத்தைச் சுவரோரம் ஒரு பலகையில் வைக்கச் சொல்லி, விரல்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அத்தை தன் கையை வைத்தே பார்த்தாள். நாலு விரல். கால்விரல் நுழையும், பந்து நுழையாது. போல்ட் முனைகளுக்கெல்லாம் உருண்டை மூடி. படிகளோ கீழிருந்து மேல் வரை ஐந்து அங்குலத்துக்கு ஒன்று, பலம் குறைந்த காலின் அளவில். பழைய படிகளை வெட்டி எடுத்துவிட்டு மொத்தம் ஒன்பது படி. "இது ஏணியா, சீப்பா?" என்றார் பொறி. சிறுமி தானாகவே வந்து சோதித்துவிட்டு, சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். செயலாளர் இரண்டு கையாலும் ஏணியை உலுக்கிப் பார்த்துவிட்டுப் போர்டை எடுத்துப் போனார்.

வியாழக்கிழமை தபால்காரர் வந்தார். சரிந்து இறங்கினார், தெருக்களை நடந்தார், பதினேழில் வேகம் கூட்டினார். கடைசி வீடு முடிந்து ஏணிப் பக்கம் திரும்பியதும், அத்தை வலையை எடுத்துக்கொண்டு குளத்தின் மறுகோடிக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்று அள்ள ஆரம்பித்தாள். அவள் உதடுகள் அசைவது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் சலசலக்கும் சத்தத்தை வைத்துப் படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு வரை சீராக வந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வலை அந்தரத்தில் நின்றது. அவள் திரும்பவில்லை. ஏழு. எட்டு. ஒன்பதுக்குப் பிறகு ஈரக்கால் தரையில் பதியும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, அங்க இலையே இல்லையே," என்றார் தபால்காரர், துண்டால் தலையைத் துவட்டியபடி.

"இருந்துச்சுய்யா. இப்பத்தான் அள்ளினேன்," என்றாள் அத்தை, இன்னும் திரும்பாமல்.