கல்குடாவில் கேட்ட ‘ஒண்ணா’

கடலென்றால் எனக்குப் பயம். போத்தனூரில் பிறந்து வளர்ந்தவள் நான். பெரிய தண்ணீர் என்று பார்த்ததெல்லாம் குளங்கள்தான், அவற்றையும் பஸ் ஜன்னல் வழியாக. இருந்தும் இந்த மே மாதம் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவுக்குப் போய் வந்தோம். மகள் ஜெனி பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் கேட்ட ஒரே பரிசு கடல். கணவர் ரயில்வே ஊழியர்; கொழும்பிலிருந்து மட்டக்களப்பு போகும் ரயிலில் ஒருமுறையாவது உட்கார வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் வீட்டில் என் பேச்சு எடுபடாது.

திருச்சி வரை பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அங்கிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரமும் ஜெபமாலையை நான் கீழே வைக்கவில்லை. மறுநாள் காலை 6.05க்குக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி, வாழைச்சேனையில் இறங்கும்போது மதியம் 1.40. பாசிக்குடா அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இலங்கைக் காசில் எழுநூறு.

ஆட்டோக்காரர் பெயர் யோகராசா, ஐம்பது வயதிருக்கும். அவரும் தமிழ், நாங்களும் தமிழ். ஆனாலும் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

“நீங்க கதைக்கிறது விளங்குது. ஆனா ‘ங்க’ கனக்க வருது” என்றார்.

“எங்கூர்ல அப்படித்தானுங்க” என்றாள் ஜெனி.

பாசிக்குடா அமைதியான ஊர். வெயில், வெள்ளை மணல், விடுதி வாசல்களில் ஆளில்லாத நாற்காலிகள். கடலுக்குள் இருநூறு மீட்டர் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். முதல் நாள் கணுக்கால் வரை நின்றேன். இரண்டாம் நாள் முழங்கால் வரை. ஜெனி கைதட்டினாள். எனக்குக் கொஞ்சம் துளிர்விட்டுப் போனது, அதுதான் வினை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு யோகராசா எங்களைப் பக்கத்து விரிகுடாவான கல்குடாவுக்குக் கூட்டிப்போனார். கரையில் ஒரு ஆள் இல்லை. அலைச் சத்தமே வேறு மாதிரி இருந்தது.

ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அம்மா, நான் சந்தியில ஒரு டீ குடிச்சிட்டு வாறன். பிள்ளையோட கடலுக்க இறங்க ஒண்ணா. விளங்கிச்சா?”

“விளங்குச்சுங்க” என்றேன்.

அவர் போனதும் கணவர் பேன்ட்டை மடித்துவிட்டார். “கேட்டீல்ல அம்மணி? புள்ளையத் தனியா உடாம எல்லாரும் ஒண்ணா எறங்கோணுமாம். வா, வா.”

என் காதிலும் அப்படித்தான் விழுந்திருந்தது. பயந்த தாய்க்கு இதைவிட நல்ல யோசனையை யார் சொல்லப் போகிறார்கள்? மூவரும் கைகோத்துக்கொண்டோம். கரைப் பக்கம் கணவர், நடுவில் நான், கடல் பக்கம் ஜெனி. பத்தடி வரை முழங்கால் ஆழம். அதற்கடுத்த அடியில் தரை இல்லை. திரும்பிப் போகும் அலை காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு போனது. ஜெனி கழுத்து வரை போய்விட்டாள். செத்தோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது கரையில் யோகராசா. இரண்டு கையையும் ஆட்டிக் கத்துகிறார்: “ஒண்ணா, ஒண்ணா!”

“ஒண்ணா இருக்கச் சொல்றாரு, கைய உடாதீங்க” என்று கணவர் கத்தினார். நாங்கள் இன்னும் நெருங்கினோம். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். அடுத்த அலை என் தலைக்கு மேல் போனது. அந்த நேரத்தில் நடந்த ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். யோகராசா லுங்கியோடு ஓடி வந்து கணவரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்க, பின்னால் நானும் ஜெனியும் கரைக்கு வந்து விழுந்தோம்.

“ஒண்ணா எண்டு சொன்னனே அம்மா, பிறகும் ஏன் இறங்கினீங்க?” அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஒண்ணாத்தானுங்க எறங்குனோம்.”

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். “எங்கட ஊரில ஒண்ணா எண்டா ஏலாது, கூடாது.”

‘சொல்லொணாத் துயரம்’ என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறேன். அதிலுள்ள ‘ஒணா’வும் இதே சொல்தான். அச்சில் மட்டும் இருப்பதாக நான் நினைத்திருந்த சொல்லை இங்கே சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் கடல் அமைதி. நுழைவு அனுமதியை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். எங்கள் அறை ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம், இலங்கைக் காசில், காலைச் சாப்பாட்டோடு. பாசிக்குடாவிலேயே குளியுங்கள், அதுவும் நாலு பேர் குளிக்கிற இடத்தில். கல்குடாவைக் கரையிலிருந்து பார்த்தால் போதும். முக்கியமாக, “விளங்கிச்சா?” என்று யாராவது கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டாதீர்கள். திருப்பிக் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று கூசுவது நம் ஊர்ப் பழக்கம். அந்தப் பழக்கம் எங்களைக் கொன்றிருக்கும்.

இனி நான் சொல்லாமல் வைத்தது. சொன்னபடி யாரும் கையை விடவில்லை, அதனால்தான் பிழைத்தோம் என்று கணவர் போத்தனூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது உண்மையில்லை. அலை தலைக்கு மேல் போனபோது நான் ஜெனியின் கையை உதறினேன். யோசித்துச் செய்யவில்லை, ஆனால் செய்தேன். திரும்பி வந்த பிறகும் ஒரு வாரம் என் இடது மணிக்கட்டில் நான்கு நகக்குறிகள் இருந்தன. அவை மறைந்த அன்று, துணி மடித்துக்கொண்டிருந்த ஜெனியிடம் கேட்டேவிட்டேன்.

“தண்ணிக்குள்ள அம்மா கைய உட்டுப்போட்டேன். உனக்குத் தெரியுமா கண்ணு?”

“தெரியுமுங்கம்மா” என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுக்குத்தான் நான் புடிச்சுக்கிட்டேன்.”