மரக் கமிட்டியில் நான்

தற்பெருமை கூடாது என்று வகுப்பில் பாடம் சொன்னவள்தான் நான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் பெருமைப்படாமல் இருக்க என்னால் முடியவில்லை. முயன்றும் பார்க்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதி அது. மண்டூர்ப் பக்கம் வாவியை ஒட்டிப் போகும் தெருவைக் காரில் கடந்த, மாவட்ட நிர்வாகம் நடக்கும் கச்சேரியின் வெள்ளைக்காரத் துரை ஒருவருக்கு அதன் அழகு பிடித்துப்போயிற்று. அப்படியான தெருக்களைக் காப்பது எப்படி என்று ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைத்தார்கள். ஊர் அதற்கு 'மரக் கமிட்டி' என்று பேர் வைத்தது. கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தலைவர். தெரு வேலைகளைப் பார்க்கும் ஓவசியர், நிறைய வயல் வைத்திருந்த போடியார், அந்தத் தெருவில் பஸ் ஓட்டிய ஏறாவூர் முதலாளி ஆகிய மூவரும் அங்கத்தவர்கள். கூட்டக் குறிப்பு எழுத நல்ல கையெழுத்து வேண்டுமாம். அதற்காகப் பள்ளிக்கூட ஆசிரியையான என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நானும் அங்கத்தவர்தான் என்று நியமனக் கடிதத்தில் தெளிவாக இருந்தது. அதை என்னைத் தவிர வேறு யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

முதல் கூட்டத்திலேயே ஓவசியர் தன் திட்டத்தை எடுத்து வைத்தார். தெருவை அழகாக்க வாவியோரம் வரும் வளைவை நேராக்க வேண்டும், அதற்கு வளைவில் நிற்கும் பதினொரு மருத மரங்களையும் வெட்ட வேண்டும். மரத்தைக் காக்கக் கூடிய கூட்டத்தில் இப்படி ஒரு யோசனை!

இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரத்துக்கு நிழல் என்று இருந்தது அந்த மரங்கள் மட்டும்தான். என் பிள்ளைகளில் பாதிப்பேர் செருப்பில்லாமல் அந்த வழியாக நடந்து வருகிறவர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் சுடுமணலில் ஓட்டமாக ஓடி, அந்த நிழலில் நின்று கால் ஆறிய பிறகுதான் மிச்சத் தூரம் போவார்கள்.

"அந்த மரங்கள வெட்டினா பிள்ளைகள் எப்பிடி நடக்கிற?" என்று கேட்டேன்.

ஓவசியர் சிரித்தார். "ரீச்சர், நீங்க எழுதத்தானே வந்திருக்கீங்க. எழுதுங்க."

எழுதினேன். கோபத்தில் பேனா முள் கடதாசியைக் கிழித்துவிட்டது.

இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றார் தலைவர். முதலாளி தன் பஸ்ஸிலேயே எல்லோரையும் கூட்டிப் போவதாகச் சொன்னார். "அறிவித்தல நீங்களே எழுதி, நேரத்தையும் போட்டு அனுப்புங்க புள்ள" என்று தலைவர் என்னிடம் விட்டுவிட்டார்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். அதை வாயால் சொன்னால் யார் கேட்பார்? 'சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி' என்று என் அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன். மாதம் சித்திரை. உச்சி வெயிலில் அந்த பஸ் வளைவு வரைக்கும் போய்ச் சேராது என்பது அதில் ஏறி இறங்கிய எனக்கா தெரியாது?

போய்ச் சேரவில்லை. வளைவுக்கு அரைக் கட்டை இருக்கும்போதே இஞ்சின் கொதித்துப் புகை கக்கி நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். குடை கொண்டுபோனவள் நான் மட்டும்தான். தலைவர் வயதானவர், பாவம், அவருக்குக் கொடுத்தேன். ஓவசியருக்குக் கொடுக்கும் எண்ணம் வரவில்லை. அவரோ தொப்பியால் விசிறிக்கொண்டு எங்களை எல்லாம் முந்திப் போய், முதலாவது மருத மரத்தின் வேரில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

அங்கேயே கூட்டம் கூடியது. வாவிக் காற்றில் ஆளுக்கு ஆள் வேர்வை துடைத்து முடிந்ததும் நான் எழுந்தேன். "இந்தப் பதினொரு மரத்தையும் வெட்டக் கூடாதெண்டு நான் பிரேரிக்கிறன்."

"குறிப்பு எழுதுற ஆள் பிரேரிக்க ஏலாது. மறுகா ஆர் அத எழுதுற?" என்றார் ஓவசியர், வேரை விட்டு எழும்பாமலே.

கூட்டப் புத்தகத்தையும் பேனாவையும் தலைவரின் மடியில் வைத்தேன். "அப்ப இத நீங்க எழுதுங்க ஐயா."

தலைவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மெல்லப் பேனாவைத் திறந்தார். "ஆமோதிக்கிறது ஆர்?"

போடியார் வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆமோதிக்க ஆளில்லாவிட்டால் பிரேரணை அந்த இடத்திலேயே செத்துப்போகும். நேரான தெருவால் அதிகம் பயன் பெறக்கூடியவர் முதலாளி. அவர்தான் தொண்டையைச் செருமினார்.

"நான் ஆமோதிக்கிறன். என்ட பஸ் கொதிச்சு நிக்கிற நாளெல்லாம் சனம் இந்த நிழலுக்குள்ளதான் வந்து நிக்கிற. மரம் இல்லாட்டி வெயிலுக்குள்ள நிண்டு என்னைத்தான் ஏசும்."

போடியார் சால்வையால் விசிறியபடி, "எனக்கும் சம்மதம்" என்றார். தலைவரும் தலையாட்டினார். ஓவசியர் எதிர்த்தார், ஆனால் நிழலை விட்டு எழும்பவில்லை.

எங்கள் ஆலோசனையைக் கச்சேரி ஏற்றுக்கொண்டது. தெரு அந்த இடத்தில் வளைந்தே போனது, பிள்ளைகளும் அங்கே நின்று கால் ஆறினார்கள்.

கூட்டப் புத்தகம் முழுவதும் என் எழுத்துத்தான், அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக இருக்கும். ஒரே ஒரு பக்கம் மட்டும் தலைவரின் கோழிக் கிறுக்கல். அதில்தான் 'பிரேரித்தவர்' என்பதற்கு எதிரே என் பெயர் இருக்கிறது.