வெள்ளரிக்காய்க் குதிரை

ஜப்பானில் கார் உதிரிபாக ஆலையில் வேலைபார்த்த என் சித்தப்பா, அங்கேயே மாரடைப்பில் இறந்து, ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடியாக ராஜபாளையம் வந்து சேர்ந்தார். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று அப்பா ஜாடியை வாசல் வேப்பமரத்தில் துணியால் கட்டித் தொங்கவிட்டார். கடல் தாண்டி வந்த மனிதருக்கு வாசற்படி தாண்ட அனுமதி இல்லை.

சித்தி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ அழவும் இல்லை. நெஞ்சழுத்தக்காரி என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே பேசினார்கள்.

ஆடி அமாவாசைக்குப் படைத்த சோற்றைக் காகம் தொடவில்லை. அப்பா கா, கா என்று கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"அஸ்தியக் கரைக்காம வச்சிருந்தா எப்படி எடுக்கும்? நாளைக்கே ராமேஸ்வரம் போயிருவோம்" என்றார்.

"அவிய இன்னும் வீட்டுக்கே வரல அத்தான். பொறவு எங்கிட்டு அனுப்புதிய?" என்றாள் சித்தி.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குக் கிளம்பினாள். துணைக்கு நான். பஸ்ஸில்தான் சொன்னாள். சித்தப்பாவோடு தங்கியிருந்த சிநேகிதர் போனில் சொன்னாராம், அந்த ஊரிலும் இந்தச் சமயத்தில்தான் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். வெரசாக வந்துசேர வெள்ளரிக்காயில் குதிரை செய்வார்கள். மெதுவாகத் திரும்பிப் போகக் கத்தரிக்காயில் மாடு. எனக்கு ஒரே குஷி.

வீட்டில் சித்தி வெள்ளரிக்காய்க்கு ஈர்க்குச்சியால் நாலு கால் செருகி, தலை உள்ளே பார்க்க நிலைப்படியில் நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு விளக்கு. அதோடு சரி.

பாதி வேலையில் விட்டுவிட்டாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படியில் கிடந்த கத்தரிக்காய்க்கு நானே கால் வைத்து, தெருவைப் பார்க்க நிறுத்தினேன். கெட்டிக்காரி என்று கொஞ்சுவாள் என்றிருந்தேன்.

கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"ஏட்டி, மாடு செய்யணும்னு ஒன்கிட்ட யாரு கேட்டா?"

காலாலேயே மிதித்து நசுக்கினாள். பிறகு அந்தப் படியிலேயே சரிந்து உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் ஓடி வரும் அளவுக்குக் கதறினாள்.

ஒரு கத்தரிக்காய்க்கா இந்த அடி என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கூடவே சித்தப்பாவை நினைத்தும் பாவமாக இருந்தது. வந்தவர் எதில் ஏறித் திரும்பிப் போவார் என்ற கவலையிலேயே படுத்தேன்.