கடைசி ஸ்டேஜ்

அன்றைக்குப் பக்கத்து வீட்டு முன்னறையில் இருந்தது மூன்றே பேர்: அந்த வீட்டு எஸ்தர் அக்கா, என் அண்ணன் செல்வம், ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான். சூடேறிய டிவிப் பெட்டியின் தூசி வாடையும் வெளியே கரிசல் நனையத் தொடங்கிய வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியபோதே, இன்றைக்கு ஏதோ ஆகப்போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. எனக்கு எப்போதுமே அப்படித்தான்.

கப்பலில் வேலை பார்த்த அக்காவின் அண்ணன் வாங்கிவந்த வீடியோ கேம் அது. திரையில் ஆள் தெரியாது. துப்பாக்கி பிடித்த கை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, நாமே நடந்துபோய்ச் சுடுவதுபோல இருக்கும். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கிடையாது. கையில் பிடித்து ஆட இருந்தது ஒரே "ரிமோட்டு" என்பதால், செத்தவர் அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டிருந்தாள். நான் சாவுக்குப் பயந்து ஏதாவது தூண் மறைவிலேயே நிற்பேன். "ஏட்டி, அங்கன நின்னு பேன் பாக்கியா? வெளிய வந்து சாவுட்டி, நான் ஆடணும்" என்பான் செல்வம். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அக்காவுக்கு வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்கு மும்பையில் வேலை. நாலு மாதமாகச் சனிக்கிழமைதோறும் ஆடி, விட்ட இடத்தைக் கேம் பெட்டியில் சொருகும் "கேசட்டு"க்குள்ளேயே பதிந்து பதிந்து, கடைசி ஸ்டேஜுக்கு வந்திருந்தோம். "போறதுக்குள்ள முடிவு என்னன்னு பாத்திரணும்ட்டி. அங்க யாரு என்னைய ஆட விடப்போறா?" என்று சொல்லிக்கொண்டுதான் அன்று உட்கார்ந்தாள்.

பாதியில் கரண்டு போனது. எங்கள் பக்கம் மழைக்குப் போன கரண்டு திரும்பும்போது வோல்டேஜ் எகிறி வந்து டிவியைப் புகைத்துவிடும் என்பதால், உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுவது வழக்கம். ஷாக் அடிக்குமோ என்று எனக்குப் பிளக்கைத் தொடப் பயம். பெட்டி எரிந்தாலும் அக்காவின் ஆட்டமாவது பிழைக்கட்டும் என்று கேசட்டைப் பிடித்து இழுத்தேன். "தொடாதட்டி!" என்று அக்கா கத்தினாள். அது பாதி கழன்று நின்ற நேரத்தில் கரண்டு வந்தது.

ஊதி ஊதிச் சொருகிப் பார்த்தோம். ஆட்டம் வந்தது, பதிந்தது ஒன்றுகூட இல்லை. செல்வம் என் தலையில் குட்டினான். "விடுலே, சின்னப்புள்ள" என்ற அக்கா, முதல் ஸ்டேஜிலிருந்து ஆட ஆரம்பித்தாள். மூன்றாவது ஸ்டேஜில் இருந்தபோது அவள் அம்மா வாசலில் நின்று, "மாப்ள வீட்டுக்காரவிய வந்திருக்காவ, மொகத்தக் கழுவுட்டி" என்றாள். அக்கா சாகாமலே ரிமோட்டை என் கையில் கொடுத்தாள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி நான் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனேன். அக்கா வீட்டை இடித்து இப்போது ரீசார்ஜ் கடை கட்டியிருக்கிறார்கள். டிவியும் கேசட்டும் எந்தப் பழைய இரும்புக்கடைக்குப் போனதோ. போன வாரம் என் மகன் அந்த ஆட்டத்தின் முடிவைச் செல்போனில் தேடிக் கொடுத்தான். நான் பார்க்கவில்லை; முதலில் அக்கா பார்க்கட்டும் என்று போன் போட்டேன். அவளுக்கெனத் தனி நம்பர் கிடையாது, அத்தான் நம்பர்தான். "அவ வேலையா இருக்கா, என்ன விஷயம்?" என்றார். நாலு நாள் போட்டேன், நாலு நாளும் அதே பதில். கடைசியில் அந்த வீடியோவை அவர் நம்பருக்கே அனுப்பி, "எஸ்தர் அக்காவுக்கு" என்று கீழே எழுதினேன். அனுப்பிய பிறகு, இதை வைத்து அவளை ஏதும் பேசிவிடுவாரோ என்று வேறு பயம்.

இரண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டன. பார்த்தது யார் என்று தெரியவில்லை.