குறடு சாரின் கொட்டாவி

சிட்டு என்ற பெயர் பிறந்த அன்றே ஒட்டிக்கொண்டது. ஆள் அவ்வளவு சின்னது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் நம்பினார்கள். வளர்ந்தாள், படித்தாள், பல் டாக்டரும் ஆனாள், ஆனால் பெயரை மாற்றுகிற அளவுக்கு உயரம் மட்டும் வரவில்லை. அவள் வேலை பார்த்த கிளினிக்கில் நோயாளிகள் சாயும் நாற்காலி பழசு. ஓரளவுக்கு மேல் கீழே இறங்காது. கீழ்த் தாடைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டுமென்றால் சிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுவாள். சாய்ந்திருக்கும் நோயாளி, இந்தப் பொண்ணா பிடுங்கப் போகிறது என்று கண்ணை உருட்டுவதற்குள் பல் கிண்ணத்தில் விழுந்திருக்கும்.

கிளினிக்கை நடத்திய அம்மாளும் பல் டாக்டர்தான். சிட்டுவைத் தன் பெண் மாதிரி பார்த்துக்கொண்டாள். "இங்கயே இரு, எனக்கு அப்புறம் நீதான்" என்று வாய் நிறையச் சொல்வாள். பல் அடைக்கலாம், பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சரியென்றிருப்பார்கள். சிட்டுவோ வாய் அறுவைச் சிகிச்சையில்தான் மேற்படிப்பு என்று ஒற்றைக்காலில் நின்றாள். உடைந்த தாடையைச் சேர்ப்பது, கட்டியை வெட்டி எடுப்பது, பிளந்த உதட்டை ஒட்டுவது என்று முகத்தையே செப்பனிடுகிற படிப்பு அது. இடமோ விரல் விட்டு எண்ணலாம். கேட்பவர்களோ ஏராளம்.

அந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்தது படிப்பின் கடைசி வருடத்தில். ரொட்டி வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் தாடை உடைந்து வந்தார். பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டி, வாரக்கணக்கில் குழாய் வழியாகவே ஆகாரம். சிட்டுதான் தினமும் வாயைக் கழுவிவிட்டாள். கம்பியை அவிழ்த்த பிறகு, மெல்லலாம் என்று பெரிய டாக்டர் அனுமதித்த அன்று அவர் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். நறுக் என்று சத்தம் கேட்டது. மனிதர் அப்படியே அழுதுவிட்டார். சிட்டுவும் அழுதாள். முகத்தில் மாஸ்க் இருந்ததால் மானம் தப்பியது.

அவளுடைய அப்பா ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் படம்தான் முக்கால்வாசி. நாள் முழுக்க "வாயை மூடுங்க" என்று சொல்கிற அப்பாவுக்கு, நாள் முழுக்க "வாயைத் திறங்க" என்று சொல்கிற மகள். அம்மாவுக்கு காஸ் ஏஜென்சியில் வேலை, புகார் போனை எடுப்பது. சிலிண்டர் வரவில்லை என்று கத்துகிறவர்களைக் கத்தியே அடக்கிவிடுவாள்.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் வாழைப்பழத்துக்குப் பஞ்சமே இல்லை. தையல் பழகுவதற்காக சிட்டு வாழைப்பழத் தோலைக் கீறிக் கீறித் தைப்பாள். தோல் அவளுக்கு, பழம் பெற்றவர்களுக்கு. "ஏன்டீ, இந்த ஆப்பிள், திராட்சையெல்லாம் தைக்கக் கூடாதா?" என்று அம்மா ஒருநாள் கேட்டே விட்டாள். அப்பா பாட்டுக்கு உரித்துச் சாப்பிடுவார். கவனிக்காமல் தையலோடு கடித்ததும் உண்டு.

மேற்படிப்புக்கான நேர்முகத் தேர்வில் முதல் முறை சிட்டுவுக்குப் பேச்சே வரவில்லை. இரண்டாம் முறை பேசினாள், ஆனால் துறைத் தலைவர் அவளை மேலும் கீழும் பார்த்து, "மணிக்கணக்கா நின்னு தாடை எலும்பை இழுத்துப் பிடிக்கணும். உன்னால ஆகுமாம்மா?" என்று கேட்டார். ஆகும் சார் என்று சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தத் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் குறடு. பிடித்தால் விட மாட்டார். கேள்வியையும் அப்படித்தான், ஆளையும் அப்படித்தான்.

மூன்றாம் முறை விண்ணப்பித்தபோது அப்பா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "சிட்டு, நீ படிக்கிறது எனக்குப் பெருமைதான்மா. ஆனா ஒவ்வொரு தடவையும் தோத்துட்டு வந்து, ஒண்ணும் ஆகாத மாதிரி சிரிக்கிற பாரு, அந்தச் சிரிப்பை என்னால பாக்க முடியல. நான் எத்தனை மூஞ்சியப் பாக்குறவன். இதோட விட்டுருவோமா?"

"சரிப்பா, இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாக்கு வாக்குதான். இந்த முறை இல்லையென்றால் ஆயுசுக்கும் பல் காரை சுரண்ட வேண்டியதுதான்.

ஆகவே இந்தத் தடவை அவள் பதிலை எழுதி உருப்போட்டாள். ஏன் இந்தத் துறை என்று கேட்பார்கள். அதற்கு அருமையான பதில், ஆராய்ச்சி, சமூகம், எதிர்காலம் எல்லாம் வரும். ரொட்டி வண்டிக்காரர் மட்டும் வர மாட்டார். பிஸ்கட் கதையெல்லாம் பெரிய மனிதர்கள் முன்னால் எடுபடாது என்று அவளாகவே வெட்டிவிட்டாள். அம்மா கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா தூக்கம் வருதுடீ" என்றாள். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று சிட்டு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேர்முகத் தேர்வு கல்லூரியின் நிர்வாகக் கட்டடத்தில் நடந்தது. வரிசையில் சிட்டுதான் கடைசி ஆள். அவள் முறை வருவதற்குள், ஏதோ விபத்து என்று குழுவிலிருந்த இரண்டு அறுவைச் சிகிச்சை டாக்டர்களை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே இருந்தது மூன்று பேர்: குறடு சார், கல்லூரி நிர்வாகியான ஓர் அம்மாள், உடலியங்கியல் பாடம் எடுக்கும் பேராசிரியர் ஒருவர். பேராசிரியர் நோயாளியைத் தொட்டுப் பல காலம் ஆகியிருந்தது. குறடு சார் விடிந்ததிலிருந்து தியேட்டரில் நின்றுவிட்டு, அப்படியே வந்து அத்தனை பேரையும் கேள்வி கேட்டு முடித்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏம்மா இந்தத் துறை?" என்றார்.

சிட்டு ஆரம்பித்தாள். ஆராய்ச்சி முடிந்து சமூகத்துக்கு வந்தபோது குறடு சார் கொட்டாவி விட்டார். வாட்டசாட்டமான ஆள், ஆளுக்கேற்ற கொட்டாவி, காது வரைக்கும் திறந்தது. சிட்டு நிறுத்தவில்லை. எதிர்காலத்துக்குள் நுழைந்தாள். அவர் வாய் மூடவே இல்லை. பல் டாக்டரிடம் யாராவது வாயைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? பேசிக்கொண்டே அவள் கொஞ்சம் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மேலே இடது பக்கம் பழைய அடைப்பு, கீழே ஒரு பல்லுக்கு உறை, வேலை சுத்தம். பார்த்து முடித்த பிறகுதான் அவர் கண்ணைப் பார்த்தாள். கண் நிறையப் பயம்.

தாடை கழன்றுவிட்டது. மூட்டிலிருந்து முன்னால் நழுவி, பூட்டிக்கொண்டுவிட்டது. எத்தனையோ பேருக்கு இதைச் சரி செய்த மனிதர், தன் இரண்டு கட்டைவிரலையும் வாய்க்குள் விட்டுத் தானே அமுக்கிப் பார்த்தார். எச்சில் வழுக்கியது, விரல் வழுக்கியது. "ஆ... ஆ..." என்றார். நிர்வாகி அம்மாள் தண்ணீர் கொண்டு வரச் சொல்லிக் கத்தினாள். வாயை மூட முடியாதவருக்குத் தண்ணீர் எதற்கு? பேராசிரியர் தியேட்டருக்குப் போன் போட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

என் பதிலைக் கேட்டு ஒரு மனிதருக்குத் தாடையே கழன்றுவிட்டதே என்று சிட்டு பதறினாள். ஆனால் நேரம் போகப் போகத் தசை இறுகும், அப்புறம் மயக்க ஊசி வரைக்கும் போக வேண்டியிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். எழுந்தாள்.

"சார், தரையில உக்காருங்க."

அவர் புருவத்தைத் தூக்கினார்.

"நாற்காலியில உக்காந்தா எனக்கு எட்டாது சார். கீழ உக்காந்து தலைய சுவத்துல சாச்சுக்குங்க."

குறடு சார் தரையில் உட்கார்ந்தார். சிட்டு சுவரில் மாட்டியிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த துணியைக் கட்டைவிரல்களில் கனமாகச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் கையை ஆட்டி, இப்படி அமுக்கு, அப்படித் தள்ளு என்று ஜாடை காட்டத் தொடங்கினார்.

"சார், இப்ப நீங்க நோயாளி. கைய மடியில வைங்க. மூக்கால மூச்சு விடுங்க."

கை மடிக்குப் போனது. அவள் கீழ்க் கடைவாய்ப் பற்கள் மேல் விரலை வைத்து, உடம்பின் மொத்தப் பாரத்தையும் இறக்கி அமுக்கினாள். அசையவில்லை. இன்னும் அமுக்கினாள், தாடையை மெல்லப் பின்னால் தள்ளினாள். டக்கென்று மூட்டில் போய் உட்கார்ந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் அவள் விரலை நறுக்கென்று கடித்தன. "அம்மா!" என்று கத்தியது சிட்டுதான்.

குறடு சார் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, "பலே" என்றார். "உக்காரும்மா. இப்பத்தான் உன்னைக் கேக்கணும்னு தோணுது..."

இரண்டு வருடம் அவள் காத்திருந்த நிமிஷம் அது. அவர் கேட்கலாம், அவள் சொல்லலாம், இடம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆனால் அவர் பேசப் பேசத் தாடை பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஆடியது. புதிதாக உட்கார்ந்த மூட்டு. இன்னொரு முறை வாயைத் திறந்தால் மறுபடி நழுவும். பேசட்டும் என்று விட்டுவிடுவோமா, ஒரே ஒரு கேள்விதானே என்று அவள் மனசு கெஞ்சியது. வேறு நோயாளியாக இருந்தால் விடுவாளா?

"பேசாதீங்க சார்" என்றாள். "இன்னைக்கு மட்டுமில்ல, ஒரு வாரத்துக்கு வாயத் திறக்கக் கூடாது. கொட்டாவி வந்தா தாடையக் கையால தாங்கிப் பிடிங்க."

அவர் ஒரு விரலைக் காட்டினார், ஒரே கேள்வி என்று.

"ஒண்ணும் கூடாது சார்."

சொல்லிக்கொண்டே தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்துச் சுற்றிக் கட்டுப் போட்டாள். முடிச்சை இறுக்கும்போது தன் கையாலேயே தன் இடத்துக்கும் முடிச்சுப் போடுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது.

"அப்ப எனக்கு வேற கேள்வி இல்லீங்களா?" என்று நிர்வாகி அம்மாளிடம் கேட்டாள்.

"யாரும்மா கேக்குறது? எனக்கு உங்க பாடம் தெரியாது, இவருக்கு மறந்துபோச்சு, அவர் வாயத்தான் நீ கட்டிட்டியே. போய்ட்டு வா" என்றாள் அவள்.

வீட்டில் சிட்டு நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மாதான் விடவில்லை. "பரீட்சை வைக்கிறவர் வாயவே கட்டிட்டு வந்த ஒரே ஆளு நீதான்டீ" என்று சொல்லி, பல் பதிந்த கட்டைவிரலுக்கு மருந்து தடவிவிட்டாள். மறுநாள் சிட்டு கிளினிக் அம்மாளிடம், இனி இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது உயிர் போய் வந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு சாயங்காலம் போன் வந்தது. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சிட்டு எடுத்தாள். மறுமுனையில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல், "நாந்தாம்மா..." என்றது.

"சார்! யாரு உங்களப் பேசச் சொன்னது? ஒரு வாரம் இன்னும் முடியலியே! கட்ட அவுத்துட்டீங்களா? சொன்னா கேக்க மாட்டீங்களா? வைங்க போன!" என்று பொரிந்து தள்ளிவிட்டு வைத்துவிட்டாள்.

"யாருடீ அது?" என்றாள் அம்மா.

சொன்னாள். சொல்லும்போதுதான் அவர் எதற்குக் கூப்பிட்டிருப்பார் என்பது அவளுக்கு உறைத்தது. "அய்யய்யோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். திரும்பக் கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம். அதற்குள் போன் மறுபடி அடித்தது. சிட்டு கையை நீட்டவேயில்லை. அம்மா எச்சில் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயா, நான் அவ அம்மா பேசறேன். நீங்க வாயத் திறக்க வேண்டாம், டாக்டர் திட்டுவாங்க. நான் கேக்குறேன், நீங்க 'உம்' மட்டும் கொட்டுங்க. இல்லேன்னா சும்மா இருங்க. புரியுதுங்களா?"

"உம்."

"தாடை தேவலையா?"

"உம்."

"நல்லது. எங்க பொண்ணுக்கு..." அம்மாவின் குரல் அங்கே தடுக்கியது. எத்தனையோ பேரைப் போனிலேயே அடக்கியவள், தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எங்க பொண்ணுக்கு இடம் கெடைச்சிருச்சுங்களா?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. சிட்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"உம்."

அப்பா எழுந்து போனுக்கு அருகில் வந்து குனிந்தார். "சார், மன்னிக்கணும். இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றார்.

"உம்" என்றது போன், கொஞ்சம் சத்தமாக.