கிணற்று நரி

பாலாமணிக்குப் பைத்தியம் என்று எங்கள் தெருவே சொன்னது. நானும் சொன்னேன். தறிக்காரர் வேங்கடபதியின் மனைவி. அருப்புக்கோட்டையில் எனக்கு அடுத்த வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, என்னிடம் தமிழ். நூலுக்குக் கஞ்சி போட்டு மிஞ்சிய தண்ணீரிலேயே கொல்லையில் அவரைப் பந்தலும் கனகாம்பரமும் வளர்த்தாள். கால் ஒடிந்த மயில், ஓடு உடைந்த ஆமை, இரண்டு நாய்கள், எல்லாம் அந்தப் பந்தலுக்குக் கீழேதான் குடித்தனம்.

பாழுங்கிணற்றில் எது விழுந்தாலும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அவளுக்குத்தான் ஆள் வரும். கயிற்றுக் கட்டிலின் நாலு காலிலும் வடம் கட்டி இறக்கிவிட்டு, அது தானாக ஏறிப் படுக்கும்வரை வெயிலில் காத்திருப்பாள். அந்தப் பொறுமை நான் பெற்ற பிள்ளைகளிடம்கூட எனக்கு இருந்ததில்லை.

அறுபத்தெட்டு சித்திரையில் குமாரலிங்கபுரத்துப் பக்கம் ஒரு கிணற்றில் நரி விழுந்தது. கட்டில் இறங்கியதுமே ஏறிப் படுத்துக்கொண்டதாம். நரி அப்படிச் செய்யாது. அது எனக்கும் தெரியும். ஆனால் நரி முகத்தில் விழித்தால் நல்லது என்கிற ஆசை யாரை விட்டது? மறுநாள் விடியலில், அவள் கொண்டுவந்து கிடத்தியிருந்த நரியைப் பார்க்கத் தெருவே அவள் கொல்லையில் நின்றது. என் வீட்டுக்காரரைக் கண்ணை மூடச் சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அதன் முன்னால் திறக்க வைத்தேன். நரியின் வாய் திறந்தே கிடந்தது. எச்சில் ஒழுகியது. நாய்கள் இரண்டும் பக்கத்தில் வரவில்லை.

"தண்ணி வச்சாத் தொண்டையில எறங்க மாட்டேங்குதுக்கா," என்றாள் பாலாமணி.

"கிணத்துல விழுந்த பயம். தண்ணியக் கண்டா நடுங்கத்தான் செய்யும்," என்று பெரிய வைத்தியச்சி மாதிரி நான்தான் சொன்னேன்.

கஞ்சியை விரலால் அதன் வாய்க்குள் ஊட்டினாள். ஒரு பல் கட்டைவிரலைக் கீறியது. மூன்றாம் நாள் நரி செத்தது.

கேள்விப்பட்டு மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சோலை வந்தார். விரலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"வெறி நரிம்மா அது. இன்னைக்கே மதுரைக்குப் போயி தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போட்டுக்கங்க. நோவு வந்துட்டா அப்புறம் மருந்து கெடையாது."

வேங்கடபதி பஸ்ஸுக்குக் கிளம்பச் சொன்னார். அவள் கொல்லையைப் பார்த்தாள். "பதினாலு நாளு இந்த வெயில்ல இதுகளுக்கு யாரு தண்ணி வைப்பா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

'நீ போ, நான் பாத்துக்கிறேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. மயில் கொத்தும், ஆமைத் தொட்டி நாறும் என்று என் புத்தி கணக்குப் போட்டது.

"கடிக்கவா செஞ்சுச்சு. கீறல்தான, ஆறிரும்," என்றேன்.

அவள் பஸ் ஏறவில்லை. கீறல் ஆறத்தான் செய்தது. ஆனி பிறந்தபோது கட்டைவிரல் குறுகுறுக்கிறது என்று சொல்லித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குத் தூக்கம் போயிற்று. யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒரு மத்தியானம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். உடம்பு காந்தியது. சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாய்வரை கொண்டுபோனாள். தொண்டை இழுத்துக்கொண்டது, கை உதறிச் சொம்பு உருண்டது. சிந்திய தண்ணீரைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிதானமாகத்தான் கேட்டாள்.

"அக்கா, நான் எந்தக் கிணத்துல விழுந்தேன்?"