பிரேக் வாத்தியாரின் கட்டைவிரல்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில் இருக்கும், அது மறந்துபோவதற்கு. இன்னொன்று பக்கத்து இருக்கையில் வாத்தியார் காலடியில் இருக்கும். அது உயிர் பிழைப்பதற்கு. நம் ஆள் அந்த இரண்டாவது பிரேக்கில் வலது காலை வைத்தபடியே தலை நரைத்தவர். தெருவில் அவருக்குப் பிரேக் வாத்தியார் என்றுதான் பெயர். எதிரே பூனை வந்தால் அந்தக் கால் அழுத்தும். பூனை வருமோ என்று தோன்றினாலும் அழுத்தும். சலூன் நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது கத்தி கொஞ்சம் வேகமாக வந்தால்கூட, பாவம், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தும்.

முகம் மட்டும் அசையாது. லாரி நேருக்கு நேர் வந்தாலும், “லாரி வருது, பாருங்க” என்பார், ஏதோ பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வருகிற மாதிரி.

அந்த முகம்தான் பல வருஷங்களுக்கு முன்னால் அவரை ஒருமுறை சினிமாவில் கொண்டுபோய் விட்டது. அவரிடம் கார் பழகிய ஒருவர் ஒரு படக்கம்பெனியில் மேனேஜர். கதாநாயகனின் அப்பா செத்துக் கிடக்கும் காட்சியன்று, பிணமாக நடிக்க வேண்டியவருக்கு வயிறு கெட்டுப்போனது. மேனேஜர் வாத்தியாரைத் தள்ளிக்கொண்டு போய் டைரக்டர் முன்னால் நிறுத்தினார். டைரக்டர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இவர் உயிரோடிருப்பதுதான் நம்ப முடியாததாக இருக்கிறது என்று சொல்லி உடனே படுக்கச் சொல்லிவிட்டார்.

படுத்தார். வெள்ளைத் துணி கணுக்கால் வரை வந்தது, பாதம் வெளியே. கதாநாயகன் காலைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வெளியே ஒரு வேன் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்கும்வரை. ஓட்டுகிறவன் பின்னால் பார்க்கவில்லை என்பது சத்தத்திலேயே வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. மூளை பிணமாகத்தான் இருந்தது. கால் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்விட்டது. கட்டைவிரல் முன்னே சென்று அழுத்தியது. வேன் நிற்கவில்லை, மறுபடியும் அழுத்தியது.

எழுந்து உட்கார்ந்து, இன்னொரு டேக் எடுக்கலாம் என்று கெஞ்சினார். வெளிச்சம் போய்விட்டது, பிணத்தின் காலை எவன் பார்க்கப்போகிறான் என்று கேமராமேன் பெட்டியைக் கட்டினார்.

ஊரே பார்த்தது. கதாநாயகன் “போயிட்டியேப்பா” என்று கதறும்போது, “இன்னும் போகலடா, பிரேக் போட்டுக்கிட்டிருக்கார்” என்று தியேட்டரில் எவனோ குரல் விட்டான். வாத்தியார் அப்போது அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதன்பின் டிவி நிகழ்ச்சியில், கல்லூரி விழாவில், பெண்பார்க்கப் போன இடத்தில் என்று எங்கு பார்த்தாலும் யாராவது மல்லாந்து படுத்துக் கட்டைவிரலை ஆட்டினார்கள். பெண்பார்க்கப் போன இடத்தில் ஆட்டியது பெண்ணின் அப்பா. வாத்தியார் கல்யாணம் என்ற பேச்சை விட்டார், சினிமா என்ற பேச்சையும் விட்டார். கீழ்வீட்டில் தனியாக இருந்தார். மாடியில் தங்கை குடும்பம். அந்தப் படத்தின் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. ஆனால் வெளிச்சம் மங்கும் சாயங்காலங்களில் அவர் மனசு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்: இன்னொரு டேக் குடுத்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?

இப்படியே போயிருக்கும். மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் கார் பழக வந்ததுதான் வினை.

அவளுக்குக் கம்ப்யூட்டரில் ஆடும் பேய் விளையாட்டு என்றால் உயிர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாய் திறந்துவிடும். பழைய பேய் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். பாழடைந்த ஆஸ்பத்திரி, டார்ச்சோடு ஒரு நர்ஸ், அந்த நர்ஸ் நாம்தானாம். அதில் அங்கங்கே அந்தக் காலத்துச் சமாச்சாரங்களை ஒளித்து வைத்திருக்கிறார்களாம். கதவுக்குப் பின்னால் யாரோ முனகுவார்கள்; அது ஒரு சோப்பு விளம்பரத்தின் மெட்டு. லிஃப்டில் வரும் குரல், சிரிக்கவே சிரிக்காத ஒரு செய்தி வாசிப்பாளரின் சாயல். ஆணியில் தொங்கும் தலைமுடி, டிவி தொடர் வில்லியின் சவுரி. சோப்பும் போய்விட்டது, தொடரும் முடிந்துவிட்டது. விவரம் தெரியாத பிள்ளைகள் சோப்பு மெட்டைக் கேட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்களாம்.

“ஆனா எல்லாத்துலயும் டாப்பு பிணவறைதான் சார்,” என்றாள். “ஒரு பிணம் படுத்திருக்கும். கிட்ட போனா கால் கட்டைவிரல் மட்டும் ஆடும். அது ஏதோ பழைய படத்துல ஒரு ஆளு…”

வாத்தியார் அழுத்திய அழுத்தில் கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

“என்ன சார், பூனையா?”

“ஆமா,” என்றார் வாத்தியார். “பழைய பூனை.”

அந்த விளையாட்டுக் கம்பெனியில் சுவர், கதவு, பிணம் எல்லாம் வரைவது யார் என்று அவருக்குத் தெரியும். தங்கையின் கணவர்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியேறினார். மாப்பிள்ளை வாயில் சாப்பாட்டோடு இருந்தார்.

“ஏன் மாப்ள, ஊருல எத்தனையோ பேர் செத்திருக்காங்க. உங்களுக்கு நான் ஒருத்தன்தான் கிடைச்சேனா?”

மாப்பிள்ளைக்கு உடனே புரிந்துவிட்டது. அவசரமாக விழுங்கினார். “மச்சான், அதுல உங்க மூஞ்சியே தெரியாது. திரையில மூஞ்சி மொத்தமே நாலு கட்டம்தான். யாரோட அண்ணனா வேணும்னாலும் இருக்கலாம்.”

“அதே விளையாட்டப் புதுசா மறுபடியும் எடுக்கறாங்களாமே, பழக வர்ற பொண்ணு சொல்லுச்சு. அதுல?”

மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார். “அதுல… மூக்கு ஓரத்து மச்சம் வரைக்கும் தெரியும்.”

தங்கை நடுவில் வந்தாள். அவர் அப்போது ஏதோ விளையாட்டாகச் செய்துவிட்டார் என்றாள். விளையாட்டாகச் செய்திருந்தால் பரவாயில்லை, விளையாட்டிலேயே அல்லவா செய்திருக்கிறார் என்றார் அண்ணன். இரண்டு பேரும் அடித்துக்கொள்வதென்றால் கீழே போய் அடித்துக்கொள்ளுங்கள், பாத்திரம் உடையும் என்று சொல்லிவிட்டு அவள் குழம்பை எடுத்து உள்ளே வைத்தாள்.

விரலை எடுத்துவிட வேண்டும் என்பது வாத்தியாரின் தீர்ப்பு. மாப்பிள்ளை ஆபீசில் கேட்டுப் பார்த்தார். புது விளையாட்டுக்கு டைரக்டராக இருந்த பெண், பிணவறை விரலைத் தொட்டால் ரசிகர்கள் ஆபீசையே பிணவறை ஆக்கிவிடுவார்கள் என்று கையை விரித்துவிட்டாள். அதுமட்டுமல்ல. இந்தமுறை வரைவதில்லையாம், உண்மையான ஆளைப் படுக்கவைத்து, சுற்றிலும் கேமரா வைத்து, அசைவை அப்படியே எடுக்கப்போகிறார்களாம். பிணத்துக்கு ஆள் தேடுகிறார்களாம்.

மாப்பிள்ளை இதைப் பயந்து பயந்துதான் சொன்னார். 

“எத்தனை டேக் குடுப்பாங்க?” என்றார் வாத்தியார்.

“எத்தனை வேணும்னாலும், மச்சான். அங்க வெளிச்சம் போற பேச்சே கிடையாது. ஆனா ஒண்ணு. விரல் ஆடணும்.”

கடைசி வார்த்தை வாத்தியார் காதில் விழாததுபோல இருந்தது. அவர் அதற்குள் பிணமாகிவிட்டிருந்தார்.

மறுநாளிலிருந்து பயிற்சி. வீட்டுப் பெஞ்சில் படுத்துப் பார்த்தார்; அது சுலபம், பெஞ்சு எங்கும் போய் மோதாது. உண்மையான சோதனை காரில்தான். பூனை வந்தது, அழுத்தாமல் இருந்தார். சைக்கிள் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தார். நல்ல பிணமாவதற்கு முதலில் கெட்ட வாத்தியாராக வேண்டியிருந்தது. மருந்துக்கடைப் பெண் ரிவர்ஸ் எடுத்து ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்தாள்.

“நீங்க பிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன் சார்.”

“நானும் அப்படித்தான்மா நெனச்சேன்,” என்றார் வாத்தியார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் மனசுக்குள் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஏதோ ஒன்று மோதியிருக்கிறது, அவர் கால் வேடிக்கை பார்த்திருக்கிறது. நசுங்கிய பம்பரைப் பார்த்து ஸ்கூல் முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து உமக்கு என்னய்யா வந்தது, காலில் தூக்கமா என்றார். ஆமாம் என்று வாத்தியார் பெருமையாகச் சொன்னார்.

அசைவு எடுக்கும் நாளன்று மாப்பிள்ளையோடு கம்பெனிக்குப் போனார். ஜன்னல் இல்லாத பெரிய கூடம். உடம்போடு ஒட்டும் கறுப்புச் சட்டை கொடுத்தார்கள். அதில் அங்கங்கே வெள்ளை உருண்டைகள். கண்ணாடியில் பார்த்து, எப்படி இருக்கிறது என்று மாப்பிள்ளையைக் கேட்டார். அம்மை போட்ட பல்லி மாதிரி இருக்கிறது என்று மாப்பிள்ளை மரியாதையாகச் சொன்னார்.

இரும்பு மேஜையில் படுத்தார். டைரக்டர் பெண் பதமாகத்தான் ஆரம்பித்தாள்: கண்ணை மூடுங்க சார், அப்படியே இருங்க, இப்ப விரல். விரல் அசையவில்லை. காது கேட்கவில்லையோ என்று கிட்ட வந்து சொன்னாள். அசையவில்லை. சாருக்குப் புரியவில்லையா, சாரோட விரல்தான் சார் கதாநாயகன் என்று கெஞ்சினாள். சார் செத்தவர் செத்தவர்தான். கடைசியில், நாளைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று யாரிடமோ சொன்னாள்.

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. அந்தக் கூடத்தில் வேன் கதை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒலிக்காரரிடம் போய்க் காதோடு காதாக ஏதோ கேட்டார். அவரிடம் இல்லாத சத்தமா.

ஸ்பீக்கரில் ஒரு வேன் ரிவர்ஸ் எடுத்தது.

வாத்தியாருக்கு மேஜை மறைந்துபோனது. பின்னால் பார்க்காமல் எடுக்கிறான், கம்மனாட்டி. தொடை இறுகியது. பாதத்துக்குக் கீழே அந்தப் பிரேக், வாழ்நாள் முழுக்க இருந்த அதே பிரேக், சில்லென்று காத்திருந்தது. வேன் நெருங்கியது. அழுத்து என்றது உடம்பு. ஒருதரம், ஒரே ஒருதரம். அப்போது அவருக்குக் குப்பைத்தொட்டி ஞாபகம் வந்தது. சாய்ந்தது, உருண்டது, உலகம் ஒன்றும் முழுகிப்போகவில்லை. ஓட்டுறவன் பாத்துக்கட்டும் என்று மனசுக்குள் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை.

ஸ்பீக்கரில் வேன் எதன்மீதோ போய் இடித்தது. கண்ணாடி நொறுங்கியது. மேஜையில் ஒன்றும் அசையவில்லை.

 கம்ப்யூட்டர் முன்னாலிருந்த பையன், “மேடம், சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, ஒரு புள்ளிகூட நகரல,” என்று சொல்லி ஒயரைப் பிடுங்கப் போனான்.

“ஒயர விடுப்பா,” என்றார் மாப்பிள்ளை.  “அவரு நடிச்சுக்கிட்டிருக்காரு.”

டைரக்டர் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் எப்போது ஆடும், எப்போது ஆடும் என்று தானே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட வேண்டாம் என்றாள். எல்லோரும் ஆடும் என்று காத்திருப்பார்கள். கடைசிவரை ஆடவே வேண்டாம். இன்னொரு டேக் வேண்டுமா என்று வாத்தியாரைக் கேட்டாள். வேண்டாம் என்றார் வாத்தியார், கண்ணைத் திறக்காமலே.

விளையாட்டு வெளியானது. ஊர் இரண்டுபட்டது. ஜனங்கள் பிணவறையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் முன்னால் தவம் கிடந்தார்கள். நான் பார்த்தேன், ஆடியது என்று ஒருவன் சத்தியம் செய்தான். ஆடவில்லை என்று இன்னொருவன் சண்டைக்குப் போனான். ஆடாத விரலுக்குப் பின்னால் ஒரு பெரிய தத்துவம் இருப்பதாக ஒருவர் நீளமாக விளக்கி வீடியோ போட்டார். அதில் வேன் இல்லை, குப்பைத்தொட்டியும் இல்லை. மாடியில் மாப்பிள்ளை அதைப் போட்டுக் காட்ட, தங்கை முதல்முறையாக அண்ணனின் முன்னால் அந்தப் பழைய படத்தின் பெயரைச் சொன்னாள்.  வாத்தியார் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

மருந்துக்கடைப் பெண்ணுக்கு மட்டும் அந்த மச்சத்தைப் பார்த்ததும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அடுத்த வகுப்பில் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். ரோட்டப் பாரும்மா என்றார்.

“சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. ஒருத்தன் உங்களப் பத்திக் கேவலமா எழுதியிருக்கான்.”

“என்னன்னு?”

“பழைய பிணத்துல ஒரு உயிர் இருந்துச்சாம். இது சும்மா செத்துப்போய்க் கிடக்காம்.”

வாத்தியார் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தார். எதிரே ஒரு நிஜப் பூனை குறுக்கே போயிற்று. அவர் கால் பேசாமல் இருந்தது. அவளே பிரேக் போட்டாள்.

“வண்டிய ஓரமா நிறுத்தும்மா,” என்றார். “நிறுத்திட்டு ஃபோன எடு. அவன் எழுதினத இன்னொருதரம் படி. நிதானமாப் படி.”